இறக்கையின் நுனியைக் காண்பவன்

உரும்பிராய்ச் சந்திக்குச் சற்றுத் தள்ளிப் பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் அண்மையில் ஒரு சிறு விபத்து நிகழ்ந்தது. வாழைக்குலை ஏற்ற வந்த லொறி பின்னோக்கி வருகையில் ஒரு வீட்டு மதிலை இடித்துவிட்டது. உயிர்ச்சேதம் எதுவுமில்லை; மதிலில் இரண்டு முழ அகலத்துக்குக் கல் பெயர்ந்தது, அவ்வளவே. சாரதி இறங்கி வந்தார், மதிலைப் பார்த்தார், பின்னால் நின்று வழிகாட்டிய கிளீனர்ப் பையனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கூடி நின்றோரில் எவரும் அதனைத் தவறென்று கருதியதாகத் தெரியவில்லை. மதிலுக்குரியவர்கூட, நட்டஈடு பற்றிப் பேசுமுன்னரே, அந்த ஓர் அறையினால் ஒருவாறு சமாதானமடைந்தார்.

பையன் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்றவன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். நம்மைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "நான் கத்தினனான் சேர், அண்ணைக்குக் கேட்கேல்லை" என்றான். சிறிது நேரங் கழித்து வேறொன்றுஞ் சொன்னான்: "போன முறை சும்மா நிப்பாட்டிப்போட்டன் எண்டு ஏச்சு வாங்கினனான். அதாலை இந்த முறை கொஞ்சம் பொறுத்துத்தான் கத்தினனான்."

இந்த இரண்டாவது வசனம் நம்மை விட்டு அகலவில்லை.

அதே வீதியில் வடக்கே சில கட்டை தூரம் சென்றால் பலாலி விமானநிலையம். 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து சென்னைக்குச் சென்ற எயர் சிலோனின் முதல் விமானம் இவ்வழியாகவே சென்றது. நெடுங்காலம் மக்களுக்கு எட்டாதிருந்த அந்நிலையம் 2019 ஒக்ரோபர் 17 அன்று சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னை விமானம் தாழப் பறக்கும்போது நம் மாணவர் இன்றும் அண்ணாந்து பார்க்கின்றனர். விமானத்துக்கு ஆபத்து வானத்திலேதான் என்பது அவர்களது எண்ணம். பெரியோரது எண்ணமும் அதுவே. ஆனால், விமானங்களும் லொறியைப் போலவே தரையில் ஊர்கையிலும் திரும்புகையிலும் நிறுத்தப்படுகையிலும் இடிபடுகின்றன. விமான விபத்து வரலாற்றில் மிகுதியான உயிரைக் குடித்த மோதலும் வானத்தில் நிகழ்ந்ததன்று.

பெருவிமானத்தின் விமானி தன் ஆசனத்தில் இருந்தவாறு தன் இறக்கையின் நுனியைக் காண முடியாது. பின்னோக்கிச் சரிந்த இறக்கை அவருக்குப் பின்னால், வெகு தொலைவில் முடிகின்றது. நிலத்தில் தீட்டிய கோட்டை நம்பியே அவர் ஊர்கின்றார். தரிப்பிடத்தை நெருங்கியதும், கையில் விளக்குக்கோலுடன் எதிரே நிற்கும் ஊழியனையும், நெருக்கமான இடமாயின் இறக்கையோடு கூட நடந்து வரும் ஊழியனையும் நம்புகின்றார். ஊழியன் இரு கோல்களையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தால் விமானம் நின்றாக வேண்டும். எண்பது மீற்றர் அகல இறக்கையைத் தாங்கிய ஏ380 விமானமும் அவன் கைக்குக் கட்டுப்பட்டதே. 2011 ஏப்ரலில் நியூயோர்க்கில் அத்தகைய விமானமொன்று இரவில் ஊர்ந்து செல்கையில், அதன் இறக்கை நுனி ஒரு சிறு விமானத்தின் வாலில் தட்டி, அதனைப் பம்பரம்போற் சுழற்றிவிட்டது. நல்வாய்ப்பாக எவரும் காயமடையவில்லை.

காண்பவன் ஒருவன், நடத்துபவன் வேறொருவன். காண்பவனுக்குக் கூலி குறைவு. பல நாடுகளில் அவன் விமானக் கம்பனியின் ஊழியனுமல்லன், ஒப்பந்தக்காரனின் ஆள். தரையில் நிற்கும் விமானம் பணம் உழைக்காது என்பது முதலாளியின் கணக்கு. அந்த அவசரத்தின் நடுவே, "நிறுத்து" என்று வீணாகக் கைகாட்டியவன் என்ற பெயரை எடுக்க எவன் துணிவான்?

1977 மார்ச் 27 அன்று கனரித் தீவுகளின் தெனரீப் நிலையத்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். அயற்றீவின் விமானநிலையத்திற் குண்டு வெடித்ததால் பெருவிமானங்கள் பல இச்சிறு நிலையத்தில் வந்து நெருங்கி நின்றன. மூடுபனி இறங்கியது. கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747, மேலெழ அனுமதி கிடைக்குமுன்னரே ஓடத் தொடங்கியது. அதே பாதையில் பான் அமெரிக்கன் 747 இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. மாண்டோர் 583 பேர். டச்சுத் தலைமை விமானி வான் சாண்டன் அற்பர் அல்லர். அக் கம்பனியில் 747 பயிற்சிக்குத் தலைவர், அவரது படமே கம்பனியின் விளம்பரங்களில் வந்தது. அருகிலிருந்த துணை விமானியை இரு மாதங்களுக்கு முன்னர் அவ்விமானத்துக்குத் தகுதியுடையவரெனச் சோதித்துத் தேர்ந்தவரும் அவரே. ஓட்டந் தொடங்கிய பின்னர், மற்ற விமானம் விலகவில்லையோ என்று விமானப் பொறியியலாளர் ஐயத்தோடு வினவினார். தலைவர் உறுதியாக விடையிறுத்தார். அதற்குமேல் வினா எழவில்லை. பணிநேர வரம்பைக் கடந்தால் தண்டனை என்ற புதிய விதியும் அத்தலைவரைத் துரத்திக்கொண்டிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2024 இல் அதே மார்ச் 27 அன்று, கொல்கத்தாவில் சென்னைக்குப் புறப்பட ஓடுபாதையருகே காத்துநின்ற எயர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை, ஊர்ந்து வந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை உரசியது. நுனி முறிந்து வீழ்ந்தது; மக்களுக்குத் தீங்கில்லை. விசாரணை தொடங்கிய கையோடு இண்டிகோ விமானிகள் இருவரும் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டனர். அவ்விருவரும் பிழையற்றவர் என்று வாதாடுவது நம் நோக்கமன்று. பெயர் தெரிந்த இருவர் விலக்கப்பட்டதும் ஊரார் மனம் ஆறிவிடுகின்றதே, அந்த ஆறுதலைத்தான் நாம் ஐயுறுகின்றோம். மதிலுக்குரியவரின் ஆறுதலும் இவ்வகையினதே.

"பிழைக்குத் தண்டனை வேண்டாமா? மாண்டோரின் உறவினருக்கு என்ன விடை?" என்று நண்பரொருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. 2001 ஒக்ரோபர் 8 அன்று மிலான் நகரின் லினாற்றே நிலையத்தில் மூடுபனியில் வழிதவறிய சிறுவிமானமொன்று ஓடுபாதையுட் புகுந்து, மேலெழுந்துகொண்டிருந்த பயணிகள் விமானத்துடன் மோதி 118 பேர் மாண்டனர். பழைய தரை ராடரை அகற்றியிருந்தனர், புதியது இயங்கவில்லை. சிறுவிமானி நிலத்திற் கண்ட குறியைச் சொன்னார். அக்குறி கட்டுப்பாட்டாளரின் வரைபடத்தில் இல்லை. அங்கே நீதிமன்றம் கட்டுப்பாட்டாளரோடு நில்லாது மேலதிகாரிகளையும் தண்டித்தது. கண்ணைப் பிடுங்கியவனும் கண்ணின்றித் தடுமாறியவனும் ஒரே தராசில் நிற்கத் தக்கவரல்லர் என்பதே நம் கருத்து. முன்னவனைத் தண்டித்தல் நீதி. பின்னவனைத் தண்டித்தால் அடுத்தவன் வாயை மூடிக்கொள்வான்.

இது வெறும் இரக்கமன்று. 1974 டிசம்பரில் அமெரிக்க விமானமொன்று வேர்ஜீனிய மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன்னரே வேறொரு கம்பனியின் விமானி அதே தவறின் விளிம்பிலிருந்து தப்பியிருந்தார்; அவர் சொன்ன செய்தி அக்கம்பனியின் சுவர்களுக்குள்ளேயே கிடந்தது. அறிவும் தனியுடைமையானால் விளைவு இதுதான்! அதன் பின்னரே, 1976 இல், விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் தம் பிழைகளை அஞ்சாது எழுதி அனுப்பும் ஏற்பாடு அங்கே உண்டாயிற்று. தண்டிக்கும் அதிகாரமுடைய திணைக்களத்திடம் அதனை விடாது, விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசாவிடம் ஒப்படைத்தனர். பிரம்பு வைத்திருப்பவனிடம் எவன் மனந்திறப்பான்?

பிரம்பு என்றதும் நம் நினைவு வகுப்பறைக்கே திரும்புகின்றது. அந்தப் பையன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் நாம் கரும்பலகையில் "பசு" என்ற சொல்லைக் கவனமின்றிக் குற்றியலுகரத்தின் கீழ் எழுதிவிட்டோம். "சேர், அது முற்றியலுகரமெல்லோ?" என்று பின் வாங்கிலிருந்து கேட்டான். அவன் சொன்னது சரி. நாமோ, "முதலிலை உன்ரை எழுத்துப்பிழையைத் திருத்து, பிறகு என்னைத் திருத்தலாம்" என்றோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆண்டு முடியும்வரை அவன் கை மீண்டும் உயர்ந்ததாக நினைவில்லை. ஒழுங்கையில் அவன் பொறுத்த அந்தச் சில விநாடிகளில் நம் பங்கு எவ்வளவு என்று கணக்கிட நமக்கு வழியில்லை. பங்கே இல்லை என்று சொல்ல மனம் ஒப்பவுமில்லை.

சென்ற கிழமை அதே லொறி மறுபடியும் வந்தது. பின்னால் வேறொரு பையன், முன்னவனிலும் சிறியவன். லொறி ஒழுங்கைக்குள் பின்னோக்கித் திரும்பியபோது அவன் தகரத்திற் கையை வைத்தபடி கூடவே நடந்தான். மதில் அவனுக்கு வலப்புறம் இருந்தது. அவன் கண்களோ பக்கக் கண்ணாடியிலே தெரிந்த சாரதியின் முகத்தை விட்டு அகலவில்லை.