தனுஷ்கோடியும் அநித்தியமும்

பிறர் வீடிழந்த இடத்தைக் காணச் செல்வது அறமாகுமா? சென்றால் அங்கே நாம் எண்ணத் தக்கது யாது, சொல்லத் தகாதது யாது? சென்ற ஆனி மாதம் தெற்கே போய்த் திரும்பியது முதல் இவ்வினாக்கள் நம்மை விட்டு நீங்கவில்லை. நமக்குள் ஆராய்ந்து கண்டதை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

சயானிலிருந்து புறப்பட்டவர் நாம் ஐவர். இரண்டு இரவுகளை இரயிலிற் கழித்து மதுரை சேர்ந்து, அங்கிருந்து இராமேசுவரம் போய், மறுநாட் காலை தனுஷ்கோடிக்குச் சென்றோம். 2017-ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை இருக்கிறது. சாலையின் ஒரு பக்கம் வங்கக் கடல். மறு பக்கம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் அவ்வூரார் வழங்குவர். தென்மேற்குக் காற்றின் பருவமாகையால் ஆண் கடல் பொங்கி இரைந்து கொண்டிருந்தது. பெண் கடலோ குளம் போல் கிடந்தது. மணல் எழுந்து முழங்காலில் ஊசியாய்க் குத்தியது. பக்கத்தில் நிற்பவர் சொல்வதும் காதில் விழவில்லை. இலங்கை அம்முனையிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரமே.

இந்த மணற் பட்டை ஒரு காலத்தில் துறைமுக நகரமாக இருந்தது. 1914-ஆம் ஆண்டில் பாம்பன் இரயிற் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னை எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரையில் வந்தது. பயணிகள் அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் இரயிலேறிக் கொழும்பு சேர்வார்கள். சென்னையில் வாங்கிய ஒரே சீட்டு கொழும்பு வரையில் செல்லும். நிலையம், சுங்கச் சாவடி, தபாலாபீசு, மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாதாகோவில் எல்லாம் அந்நகரில் இருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போன ஏழை மக்கள் எண்ணற்றோர், மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டு, இத்துறை வழியே கடல் கடந்தனர். அவர்கள் கடல் கடந்து தெற்கே போனார்கள். நம் பாட்டன்மார் வடக்கே பம்பாய்க்கு வந்தார்கள். இருவரையும் ஊரை விட்டுக் கிளப்பியது ஒரே பசி.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவில் பெரும்புயலும் அதனோடெழுந்த கடலும் அந்நகரை மூடின. பாம்பனிலிருந்து வந்த இரயில்வண்டி நிலையத்தை நெருங்கும் தறுவாயில் அலையில் அகப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைத்திலர். பின்னர் அரசாங்கம் தனுஷ்கோடி மக்கள் வாழத் தகாத இடமென்று அறிவித்தது. கப்பற் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டு, 1980-களில் அதுவும் நின்றுபோயிற்று. இன்று கூரையிழந்த மாதாகோவிற் சுவரும், நிலையத்தின் சிதைவும், சில கட்டடங்களின் எலும்புகளும் மணலில் நிற்கின்றன. அவற்றின் அருகே ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்கின்றன. சிப்பியும் சங்கும் கோத்த மாலைகளை வருவோர்க்கு விற்பதும் அவர்கள் பிழைப்பில் ஒரு பகுதி.

மாதாகோவிற் சுவரருகே ஒரு முதியவளிடம் மாலை கேட்டோம். ஐம்பது ரூபாய் என்றாள். முப்பதுக்குக் கேட்டோம், தந்தாள். பிறகு நம்மில் ஒருவர் அச்சுவரை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்செறிந்து, “எல்லாம் அநித்தியம், அம்மா” என்றார். மற்ற நால்வரும் தலையசைத்தோம். ஆகவே ஐவரும் சொன்னதாகவே கொள்க.

அம்முதியவள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. “தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? ஊத்துத் தண்ணி, கரிக்காது” என்றாள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் அங்கே நன்னீர் ஊறுகிறது. அதையே அவர்கள் அகப்பையால் மொண்டு குடிக்கின்றனர். குடித்தோம், இனிப்பாகத்தான் இருந்தது. நாம் கேட்ட பிறகே அவள் தன் கதையைச் சொன்னாள். புயலின்போது அவளுக்கு நான்கு வயது. தாய் அவளைத் தூக்கிக்கொண்டு மணல் மேடொன்றில் ஏறினாளாம். துறையில் மூட்டை சுமந்த சிறிய தகப்பனார் வரவேயில்லை. அரசாங்கம் வேறிடத்தில் இருக்கச் சொல்லிற்று. சில வருடங்களில் திரும்பி வந்துவிட்டார்கள். “மீன் இங்கதானே தம்பி இருக்கு” என்றாள்.

அப்போது நமக்கு உண்டான நாணத்தை எழுத்தில் வடிப்பது அரிது. அநித்தியம் என்ற சொல்லில் பொய் ஏதுமில்லை. தோன்றியன யாவும் மறையும் என்பதை நாம் வாரந்தோறும் ஓதுகின்றோம். அப்படியிருக்க, உண்மையைச் சொன்னதில் நாணத்துக்கு இடம் ஏது?

இதற்கு விடை காண நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நம் சயானுக்கே திரும்பினாற் போதும். தாராவிச் சந்துகளைக் காட்டுவதற்கென்றே ஆளுக்கு இவ்வளவென்று பணம் வாங்கிக்கொண்டு அயல் நாட்டாரை அழைத்து வரும் வழக்கம் ஏறக்குறைய இருபதாண்டுகளாக இருந்து வருகிறது. விடியுமுன் இட்லி அவிக்கும் நம் பெண்டிரையும், மட்பாண்டம் வனையும் கும்பர்வாடாக் குயவரையும் அவர்கள் நின்று பார்க்கின்றனர். ‘இத்தனை வறுமையிலும் எத்தனை மலர்ச்சி!’ என்று வியந்து செல்கின்றனர். வைதாலும் பொறுக்கலாம், அந்த வியப்பே நமக்குப் பொறுக்கவில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு பெருகி வீடுகளுக்குள் புகுந்தது. மறுநாள் சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த நம்மிடம் ஒருவன் வந்து, ‘எல்லாம் அநித்தியம்’ என்று பெருமூச்செறிந்திருந்தால், நாம் அவனுக்குத் தண்ணீர் கொடுத்திருப்போமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்.

கிசாகோதமியின் வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். இறந்த குழந்தையைத் தோளில் சுமந்து மருந்து கேட்டு வந்த அத்தாய்க்குப் பகவன் உடனே உபதேசம் செய்தாரில்லை. சாவு நேராத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வரும்படி அனுப்பினார். அவள் வீடு வீடாய்ப் போனாள். ஒவ்வொரு வாயிலிலும் ஒருவர் தம் துயரைச் சொன்னார், அவளும் கேட்டாள். மாலையில் அவளே உண்மையைக் கண்டாள். கேட்பாரின்றித் தனித்து நின்ற துயரம் ஊரார் துயரத்தோடு கூடிய பின்னரே அவளுக்கு ஞானம் பிறந்தது. முதல் வாயிலிலேயே யாரேனும் ‘எல்லாம் அநித்தியம், போ’ என்று கதவை அடைத்திருந்தால், சொன்ன சொல் மெய்யாயினும் செய்த செயல் கொடுமையன்றோ?

‘சுடுகாட்டில் பிணத்தைக் கண்டு நிலையாமையை எண்ணுமாறு பிக்குகளுக்குக் கற்பிக்கவில்லையா? பாழூரைக் கண்டு எண்ணுவது மாத்திரம் தவறாகுமா?’ என்று சிலர் கேட்கலாம். நல்ல வினாவே. அப்பாவனையில் பிக்கு எண்ண வேண்டியது யாதெனில், என்னுடைய இவ்வுடலும் இத்தன்மையதே என்பதாம். செத்தவனின் உறவினரை அழைத்துப் பாடம் சொல்லும்படி அங்கே விதியில்லை. அநித்தியம் தன்மேல் வைத்து எண்ணுங்கால் மருந்து. பிறர் புண்மேல் தூவுங்கால், ‘அழாதே, எனக்குத் தொந்தரவாயிருக்கிறது’ என்பதன் நாகரிகமான வடிவம் அது.

மற்றொன்றையும் கருத வேண்டும். அதே புயல் பாம்பன் பாலத்தின் தூலங்களையும் கடலிற் தள்ளியது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் அப்பாலம் 46 நாட்களில் சீர்செய்யப்பட்டது; நாடு இன்றும் அதைப் பெருமையோடு பேசுகிறது. இப்பொழுது அதனருகே புதிய பாலமும் எழுந்து, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. பாலமும் அநித்தியமே, நகரமும் அநித்தியமே. ஆயினும் ஒன்று திரும்ப எழுந்தது, ஒன்று எழவில்லை. இருபுறமும் கடல் சூழ்ந்த குறுகிய மணலில் மீண்டும் நகரம் எழுப்பாமை விவேகமான முடிவாகவே இருக்கலாம். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அது மனிதர் செய்த முடிவு. திரும்பி வந்தவர்களுக்கு என்ன செய்வதென்பதும் மனிதர் செய்ய வேண்டிய முடிவே. காற்றின் செயலையும் மனிதர் செயலையும் அநித்தியம் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் கேள்வி கேட்பாரில்லாது போகும். தாராவியில் 2024 மார்ச்சு முதல் வீட்டுக் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்பதை எந்தப் புயலும் அங்கே தீர்மானிக்கப் போவதில்லை.

அப்படியாயின் தனுஷ்கோடிக்குப் போகலாகாதா? தாராளமாகப் போகலாம். வருவோரால் அம்மக்களுக்கு நாலு காசு கிடைக்கிறது. ஆனால் சுவரைப் பார்க்குமுன் மனிதரைப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்ல விரும்பினால் கேட்க வேண்டும்; விரும்பாவிடின் தோண்டித் துருவலாகாது. வாங்கும் பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். நிலையாமையைப் பற்றிய எண்ணம் எழுந்தால் அதை வாய்விட்டுச் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, நம் வீடு, நம் சேமிப்பு, நம் பெருமை ஆகியவற்றின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் இராமேசுவரத்தில் இரயிலுக்குக் காத்திருக்கையில், குறைத்த இருபது ரூபாயைப் பற்றி முதலிற் பேசியவர் அநித்தியம் என்று சொன்ன அதே அன்பர்தாம். மறுபடியும் போய்க் கொடுத்து வரலாமா என்றார். அதற்கு நேரமில்லை. தெற்கே செல்லும் அன்பர் எவரேனும் இருந்தால் நம்மிடம் சொல்லுக. அத்தொகையை ஐவரும் சேர்ந்து கூட்டி வைத்திருக்கின்றோம். மாதாகோவிற் சுவரின் நிழலில் அம்முதியவள் உட்கார்ந்திருப்பாள். கொடுத்துவிட்டு, அவள் தரும் தண்ணீரை வாங்கிக் குடித்து, வேறொன்றும் சொல்லாமல் வருக.