கபிலவஸ்துவில் ஐந்தாம் நாள்

பாலி மொழியிலுள்ள ஜாதகக் கதைகளின் உரைக்கு முகப்பாக அமைந்த நிதானகதை என்னும் பகுதி, புத்தர் பெருமானின் வரலாற்றை முற்பிறவிகளில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, லும்பினித் தோப்பில் பிறந்த குழந்தைக்கு ஐந்தாம் நாளில் கபிலவஸ்து அரண்மனையில் நிகழ்ந்த பெயர்சூட்டு விழாவை உடனிருந்து கண்டவர் உரைப்பதுபோல் விவரிக்கிறது. அன்று குழந்தைக்குத் தலை நீராட்டினர். அரண்மனையை நால்வகை நறுமணச் சாந்தால் மெழுகி, நெற்பொரியும் மலர்களும் தரையெங்கும் தூவினர். தண்ணீர் ஒரு சொட்டும் சேராமல் பாலிலேயே வேகவைத்த பாயசத்தை ஆக்கி, மூன்று வேதங்களும் கற்ற 108 அந்தணர்களை அழைத்து அமுது செய்வித்தனர். எடுத்த கருமத்தை முடிப்பவன் என்ற கருத்தில் சித்தார்த்தன் என்ற பெயர் சூட்டப்பட்டது. பௌத்தம் என்றொரு சமயமே உலகில் தோன்றாத நாளில் நடந்த விழா இது. ஆயினும் பின்னாளில் எழுந்த பௌத்த அரசுகளின் இளவரசர் கதைகளை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

விழாவின் புறத்தோற்றம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அயலானதன்று. சென்னை மண்ணூர்பேட்டையிலும் அதை அடுத்த பாடி, கொரட்டூர், அம்பத்தூர்ப் பகுதிகளிலும் குழந்தை பிறந்த பதினோராம் நாளிலோ பதினாறாம் நாளிலோ வீட்டைக் கழுவித் தீட்டுக் கழித்து, நீரை மந்திரத்தால் தூய்மையாக்கித் தெளிக்கும் புண்ணியாகவாசனம் என்னும் சடங்கைச் செய்து, புடவையில் தூளி கட்டி, அத்தையோ தாய்மாமனோ குழந்தையின் காதில் மும்முறை பெயரைச் சொல்லி, நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்கும் வழக்கம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. நாள்களின் எண்ணிக்கை குலத்துக்குக் குலம் மாறினாலும், நீராட்டும் மெழுக்கும் இனிப்பும் பெரியோரின் வாழ்த்தும் கபிலவஸ்துவுக்கும் இவ்வில்லங்களுக்கும் பொதுவாகவே நிற்கின்றன. வேறுபாடு, விருந்து முடிந்த பிறகு கபிலவஸ்து அவையில் நிகழ்ந்ததில்தான் இருக்கிறது.

அதற்குச் சில நாள் முன்னரே ஒரு நிகழ்ச்சி நடந்திருந்தது. குழந்தையின் தந்தையான அரசர் சுத்தோதனரின் குலத்துக்கு அணுக்கரான அசிதர் என்னும் முதிய தவசி (காளதேவலர் என்றும் அவரை வழங்குவர்) குழந்தையைக் காண வந்தார். வணங்கச் செய்வதற்காகக் குழந்தையை அவரிடம் கொண்டுவந்தபோது, அதன் திருவடிகள் அவருடைய சடைமுடியின் மேல் சென்று பதிந்தன; தவசி எழுந்து கைகூப்பினார்; அதைக் கண்ட அரசரும் தம் மகனைத் தாமே வணங்கினார். தவசி முதலில் முறுவலித்தார், பின்பு கண்ணீர் விட்டார். குழந்தைக்கு ஏதேனும் இடர் நேருமோ என்று சுற்றத்தார் பதறிக் கேட்டபோது, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றும், இது புத்தராகும் நாளைக் காணத் தமக்கு ஆயுள் போதாது என்பதே தம் துயரம் என்றும் அவர் விடையளித்தார். தாம் பெற இயலாத பேற்றைத் தம் தங்கை மகன் நாளகனாவது பெறட்டும் என்று அவனை அப்போதே துறவுக்கு ஆற்றுப்படுத்தினார்.

ஐந்தாம் நாள் விழாவில் 108 பேருள்ளும் எண்மர் மட்டும் இலக்கணம் கூற அமர்ந்தனர். இலக்கணம் என்பது இங்கே மகாபுருடனுக்குரிய முப்பத்திரண்டு உடற்குறிகளைக் குறிக்கும். எழுவர் இரண்டு விரல்களை உயர்த்தி, இக்குறிகள் உடையவன் இல்லறத்தில் நின்றால் சக்கரவர்த்தியாவான், துறந்தால் புத்தராவான் என்று இரு வழிகளையும் கூறினர். எண்மரில் இளையவரான கொண்டஞ்ஞர் ஒரே விரலை உயர்த்தி, இக்குழந்தை இல்லத்தில் தங்குவதற்குக் காரணமே இல்லை, இது புத்தராவது உறுதி என்றார். வயதில் மூத்தவர்களும் அரசரும் நிறைந்த அவையில், தந்தையின் செவிக்கு இனிக்காத சொல்லைத் தயங்காமல் சொன்ன இளைஞரின் துணிவு போற்றத்தக்கது. அதே அளவுக்கு, அச்சொல்லைக் கேட்டும் அவரை அவையிலிருந்து அகற்றாத சுத்தோதனரின் பெருந்தன்மையும் போற்றத்தக்கது.

அடுத்து அரசர் ஒரு கேள்வி கேட்டார். எதைக் கண்டால் என் மகன் துறப்பான் என்பதே அக்கேள்வி. முதியவன், நோயாளி, பிணம், துறவி என்னும் நான்கையும் கண்டால் என்று விடை வந்ததும், அவை நான்கும் மகனின் கண்ணில் படாதவாறு நாற்றிசையிலும் கால் யோசனைத் தொலைவுக்குக் காவல் வைத்தார். பெயரிட்ட அதே நாளில் மதிலும் எழுந்தது. அங்கே கூடியிருந்த எண்பதாயிரம் உறவினர் குடும்பங்களோ வேறு வகையில் சிந்தித்தன: இவன் அரசனானாலும் சரி, புத்தரானாலும் சரி, சத்திரிய மைந்தர் சூழ இவன் நடக்க வேண்டும் என்று, குடும்பத்துக்கு ஒரு மகனை அளிப்பதாக உறுதி கூறின. பிள்ளை எவ்வழி சென்றாலும் உடன் செல்ல ஆயத்தமான சுற்றமும், ஒரு வழியை மட்டும் அடைக்க முயன்ற தந்தையும் ஒரே அவையில் இருந்தனர். சுத்தோதனரை அறியாமையில் மூழ்கியவர் என்று எளிதாகக் குறைத்துப் பேசும் வழக்கம் பிரசங்க மேடைகளில் உண்டு, அது நியாயமன்று. மகனுக்கு மூப்பும் பிணியும் தெரியவே கூடாது என்று விரும்பாத தந்தை எந்த ஊரிலும் இல்லை.

இந்த விழாவைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறக்கப்படுபவர் குழந்தையின் தாய் மாயாதேவியார். குழந்தை பிறந்த ஏழாம் நாள் அவர் மறைந்தார். ஐந்தாம் நாளில் பெயர்சூட்டு விழா, ஏழாம் நாளில் தாயின் மறைவு. இடையே ஒரு முழு நாளே இருந்தது. மகனைச் சித்தார்த்தன் என்று பெயர் சொல்லி அழைக்கும் பேறு அத்தாய்க்குக் கிடைத்த காலம் அவ்வளவே. மலர் வாடுமுன் துக்கம் புகுந்த அந்த அரண்மனையில், மாயாதேவியாரின் தங்கை மகாபிரஜாபதி கௌதமி குழந்தையைத் தம் முலைப்பாலூட்டி வளர்த்தார். பிற்காலத்தில் பௌத்தப் பெண்துறவியரின் சங்கத்துக்கு முதல்வராக நின்றவரும் அவரே. மரணத்தைக் காணாதவாறு மகனைக் காக்க வேண்டுமென்று அரசர் மதில் எழுப்பத் தொடங்கிய அதே கிழமையில் மரணம் உள்ளே வந்து சென்றதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

தமிழ்க் காப்பிய மரபிலும் பெயர்சூட்டு விழாக்களுக்குச் சிறப்பிடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மாதவி பெற்ற மகளுக்குப் பெயரிடும் நாளில், நடுக்கடலில் கலம் உடைந்து தத்தளித்த தன் முன்னோன் ஒருவனைக் காத்த கடல் தெய்வத்தின் பெயரான மணிமேகலை என்பதைக் கோவலன் தேர்ந்தான் என்பதும், அவ்விழாவில் அவனும் மாதவியும் பொன்னை வாரி வழங்கினர் என்பதும், தானம் பெற வந்த முதிய மறையவரை மதயானை பற்றிக்கொண்டபோது கோவலன் பாய்ந்து அவரை மீட்டான் என்பதும் மாடலன் என்னும் அந்தணன் வாயிலாகக் கூறப்படுகின்றன. தந்தை நன்றிக்கடனாக இட்ட பெயர், பின்னர் அத்தெய்வமே வந்து மகளை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்லும் உறவாக வளர்ந்தது. கோவலன் அதைக் காண உயிரோடு இல்லை.

பௌத்த மரபின் அரச குழந்தை ஒன்றின் கதை மணிமேகலைக் காப்பியத்தில் வருகிறது. அமுதசுரபி என்னும் பாத்திரத்தைக் கொண்டு பசித்தோர்க்கெல்லாம் உணவளித்த ஆபுத்திரன், மணிபல்லவத்தில் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டு, சாவக நாட்டில், அதாவது இன்றைய இந்தோனேசியத் தீவுகளின் பக்கத்தில், ஒரு முனிவரின் பசுவிடத்தில் மறுபிறப்பு எடுக்கிறான். மகப்பேறின்றி வருந்திய அந்நாட்டு மன்னன் பூமிசந்திரன் முனிவரிடமிருந்து அக்குழந்தையைப் பெற்று வளர்க்க, அவனே புண்ணியராசன் என்ற பெயருடன் நாகபுரத்தில் ஆட்சி புரிகிறான். அவன் பிறப்பதற்கு முன் பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த நாடு அவன் வரவால் செழித்தது என்று காப்பியம் பேசுகிறது. தன் முற்பிறப்பை உணர்ந்து துறக்க எண்ணிய அவனை, அமைச்சன் சனமித்திரன் நாட்டு மக்களின் துயரைக் காட்டித் தடுக்கிறான். அரசனாக நிற்பதும் அருளறமே என்று மணிமேகலை மரபு இதன்வழி உணர்த்துகிறது. எழுவர் உயர்த்திய இரண்டு விரல்களில் ஒன்று கபிலவஸ்துவில் வீணாயிற்று என்றால், சாவகத்தில் அது பலித்தது.

இம்மரபு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. இமயமலைச் சாரலில் உள்ள பூட்டான், பௌத்தத்தைத் தன் ஆன்மிக மரபாகக் கொண்ட முடியரசு. அங்கே அரசர் ஜிக்மே கேசர் நம்கியல் வாங்சுக், அரசி ஜெட்சுன் பெமா இணையருக்கு 2016 பிப்ரவரி 5 அன்று ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் பெயர் வெளியிடப்படவில்லை. மார்ச் மாதத்தில் இளவரசரின் பிறப்பைக் கொண்டாட நாடெங்கும் மக்கள் 1,08,000 மரக்கன்றுகளை நட்டனர். கபிலவஸ்துவின் அந்தணர் எண்ணிக்கையிலும் இம்மரக்கன்றுகளின் எண்ணிக்கையிலும் நிற்கும் 108, பௌத்தர்களின் செபமாலை மணிகளுக்கும் உரிய புனித எண்ணாகும். ஏப்ரல் 16 அன்று புனாக்கா கோட்டையில் ஜிக்மே நம்கியல் வாங்சுக் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. போ சூ, மோ சூ என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் 17ஆம் நூற்றாண்டில் அக்கோட்டையைக் கட்டியவர், பூட்டானை ஒரு நாடாக ஒன்றிணைத்த துறவித் தலைவர் ஷப்துருங் நகவாங் நம்கியல். அவருடைய திருவுடல் அங்குள்ள மச்சென் கோயிலில் காக்கப்படுகிறது. துறவியின் பெயரில் உள்ள நம்கியல் என்ற சொல் அரச குழந்தையின் பெயருக்குள் இடம்பெற்றிருப்பது, சித்தார்த்தனுக்கு முன் விரிந்த இரு வழிகளையும் எதிரெதிர் நிறுத்தாமல் அருகருகே வைக்கும் அந்நாட்டு மனப்பாங்குக்குச் சான்றாகும்.

கபிலவஸ்துவில் ஒரு விரல் உயர்த்திய கொண்டஞ்ஞர் காத்திருந்தார். மற்ற எழுவரும் மறைந்தபின், சித்தார்த்தர் இருபத்தொன்பதாம் வயதில் துறந்த செய்தி கேட்டு, அவர்களின் மைந்தர்களை அணுகித் துணைக்கு அழைத்தார். நால்வர் உடன் வந்தனர். இந்த ஐவரே பின்னர் சாரநாத்தில் முதல் அறவுரையைக் கேட்டவர்கள். அதை முதலில் உணர்ந்த கொண்டஞ்ஞருக்கு, உணர்ந்தவர் என்ற பொருளில் அஞ்ஞா என்ற அடைமொழியைப் புத்தரே வழங்கினார். பெயரிட்ட அவையில் அமர்ந்திருந்தவர், அக்குழந்தையிடமே பெயர் பெற்றார்.

சுத்தோதனர் வாழ்வில் இன்னொரு பெயர்சூட்டலும் உண்டு. தமக்கு மகன் பிறந்த செய்தி கேட்டதும் ஒரு தளை பிறந்தது என்று சித்தார்த்தர் கூற, அச்சொல்லையே கொண்டு பேரனுக்கு இராகுலன் என்று பாட்டனார் பெயரிட்டார். ஞானம் பெற்ற புத்தர் கபிலவஸ்து திரும்பியபோது, தாய் சொற்படி தந்தையிடம் தன் உரிமைப்பொருளைக் கேட்டுப் பின்தொடர்ந்த சிறுவன் இராகுலனுக்குச் சீடர் சாரிபுத்தர் வழியாகத் துறவு அளிக்கப்பட்டது. முதலில் மகன், பிறகு இளைய மகன் நந்தன், இப்போது பேரன் என்று மூவரையும் இழந்த முதியவர் புத்தரிடம் சென்று, பிள்ளைப் பாசம் தோலையும் தசையையும் கடந்து எலும்பு வரை இறங்கும் என்று தம் வேதனையை மறைக்காமல் எடுத்துரைத்து, இனி எந்தப் பிள்ளைக்கும் பெற்றோர் இசைவின்றித் துறவு அளிக்க வேண்டாம் என்று வேண்டினார். புத்தர் அதை ஏற்று, துறவியரின் ஒழுக்கநூலான விநயத்தில் விதியாக்கினார். இலங்கையிலும் மியான்மரிலும் தாய்லாந்திலும் சங்கத்தில் சேர முன்வரும் ஒவ்வொருவரிடமும், தாய் தந்தையர் இசைந்தார்களா என்ற கேள்வி இன்றளவும் கேட்கப்படுகிறது.