நாளைய பொறியும் இன்றைய அறிவுரையும்

குன்றத்தூரிலிருந்து ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியுமுன்னே புறப்பட்டுவிடும். அவற்றுள் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகப் பணிக்குச் சென்றுவரும் நம் பங்கைச் சார்ந்த ஒருவர், சென்ற கோடையில் தம் மகளுடன் என்னைக் காண வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றவள் அவள். "ஃபாதர், குவாண்டம் கம்ப்யூட்டிங்தான் படிக்கணும்" என்றாள். தந்தையோ, "சாமி, அந்த மெஷின் எங்கயாவது ஓடுதா? ஓடாத மெஷினுக்கு ஆள் எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

இவ்வினாவுக்கு உடனே விடையளிக்க எனக்கு நா எழவில்லை. இளங்குருவாக இருந்த நாளில், கணிப்பொறி படித்தால் குடும்பம் கரையேறும் என்று உறுதி கூறி, ஓர் ஏழைத் தந்தையைக் கல்விக்கடன் வாங்கச் செய்தவன் நான். அந்த மகன் பின்னர்ப் பொட்டலம் கட்டும் ஒப்பந்தத் தொழிலாளியானான். கடனை அடைத்தவர் தந்தை. அறிவுரை கூறிய நான் ஒரு காசும் இழக்கவில்லை. விளைவைத் தான் சுமக்கப்போகாத ஒருவன் பிறர் பிள்ளைக்கு எவ்வளவு உறுதியோடு வழிகாட்டலாம்?

நிகழ்காலப் பொறிகளும் நிலையானவை அல்ல என்பதை இவ்வட்டாரம் அறியும். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆதலின் 'ஓடுவதையே படி' என்னும் அறிவுரையிலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

தந்தையின் வினாவுக்கு வருவோம். குவாண்டம் கணிப்பொறிகள் ஓடுகின்றன. ஆனால் பிழையோடு ஓடுகின்றன. நம் கணிப்பொறியின் அடிப்படைத் துணுக்கு, சுழி அல்லது ஒன்று என்னும் இரு நிலைகளுள் ஒன்றில் நிற்கும். கியூபிட் எனப்படும் குவாண்டம் துணுக்கோ, அளந்தறியும்வரை இரண்டும் கலந்த நிலையில் நிற்க வல்லது. (இதைக் கொண்டு மூவொரு கடவுளின் மறைபொருளை விளக்கிய மறையுரை ஒன்றைக் கேட்டிருக்கிறேன், அத்துணிவு எனக்கில்லை.) பல கியூபிட்டுகளைப் பிணைத்து, தவறான விடைகள் அலைகள்போல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும், சரியான விடை வலுப்பெறவும் செய்வதே இதன் நுட்பம். சிறு வெப்பமும் அதிர்வும் இந்நிலையைக் கலைத்துவிடும். ஆகவே சிலவகைப் பொறிகளை விண்வெளியைவிடக் குளிர்ந்த கலங்களில் வைக்கின்றனர். பிழைகளைத் தானே திருத்தி நெடுநேரம் கணக்கிடும் பெரும்பொறி இன்னும் உருவாகவில்லை.

எனினும் வேலை தொடங்கிவிட்டது. இத்தகைய பொறி வந்தால் இன்றைய வங்கிப் பூட்டுகள் சிலவற்றைத் திறந்துவிடலாம் என்று 1994இல் பீட்டர் ஷோர் கணித முறையால் காட்டினார். திருடன் பிறக்குமுன்னே பூட்டை மாற்றவேண்டிய நிலை! 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் புதிய பூட்டுகளுக்கான நெறிகளை வெளியிட்டது. நம் நடுவண் அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களுள் தகவல் தொடர்புக்கானது சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்துள்ளது. அறிஞர் மட்டுமே போதும் என்பதில்லை. குளிர்கலம், வெற்றிடக் கருவி, லேசர், மின்னணுச் சுற்று ஆகியவற்றைக் கையாளும் கைகளும் வேண்டும். ஒரகடத்துக்காரருக்கு இது விளங்கியது.

எதிர்காலத்தைப் பற்றிய கவலை முறையானதா என்று வினவும் புனித தாமஸ் அக்குவினார், ஒவ்வொரு பருவத்திற்கும் அதற்குரிய கவலை உண்டு என்கிறார். கோடையில் அறுவடையைப் பற்றிக் கவலைப்படுவது தகும். இலையுதிர் காலத்துத் திராட்சைப் பறிப்பைப் பற்றி அப்போதே கவலைப்படுவது மிகை. விவேகம் என்னும் நற்பண்பைப் பற்றிய பகுதியில் அவர் இதை எழுதினார். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இது எந்தப் பருவம்? கணிதத்திற்கும் இயற்பியலுக்கும் உரிய பருவம். அப்பெரும்பொறி வாராது போயினும் அவ்விரண்டும் வீணாகா. சில வாரச் சான்றிதழுக்கு வேலை உறுதி என்று விளம்பரம் செய்வோரிடம் தந்தையின் சேமிப்பைக் கொடுக்க வேண்டாம் என்றேன். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களை என்.பி.டி.இ.எல். வழியாக இலவசமாகவே கேட்கலாம்.

பிறகு, முன்னொருமுறை நான் சொல்லத் தவறியதைச் சொன்னேன். ஆராய்ச்சியாளராக விரும்பினால் இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் ஏறத்தாழ ஐந்து. ஆய்வுக் காலத்தில் உதவித்தொகை கிடைக்கலாம். அதுவரை வருமானம் இராது. இடையில் நின்று ஆசிரியப் பணிக்கோ மென்பொருள் வேலைக்கோ திரும்பவும் வழியுண்டு, அது தோல்வியாகாது.

தந்தை விரல்விட்டு எண்ணினார். "அப்போ எனக்கு அம்பத்தாறு சாமி. ரிட்டயர்மென்ட் அம்பத்தெட்டு. தம்பி ஒம்பதாவது படிக்கிறான்." கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடுபவனைப் பற்றிய லூக்கா நற்செய்திப் பகுதிக்கு எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அவ்வாறு அமர்ந்து கணக்கிட்ட ஒருவரை அன்றுதான் அருகில் கண்டேன். மகள் தலைகுனிந்திருந்தாள். "முதல் அஞ்சு வருஷத்துக்கு நான் பொறுப்பு, அதுக்கப்புறம் நீ உதவித்தொகை வாங்கணும்" என்று அவர் அவளிடம் கூறினார். ஜூன் மாதத்தில் அவள் இயற்பியல் இளங்கலையில் சேர்ந்தாள்.