குரலுக்கு உரியவர் யார்?

அறிவியல் ஒரு கருவியை மனிதன் கையில் கொடுக்கும்போதெல்லாம், அறம் ஒரு வினாவை அவன்முன் வைக்கின்றது. கருவியை ஆர்வத்தோடு பெற்றுக்கொள்ளும் நாம், வினாவைப் பெரும்பாலும் பின்னொரு நாளைக்கென ஒதுக்கிவிடுகின்றோம். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் தமிழராகிய நாம் இன்று அத்தகைய வினா ஒன்றின்முன் நிற்கின்றோம்.

2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இடப்பட்ட ஒளியிழை வடம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ள போர்ட் பிளேர் நகரையும், கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய வேறு ஏழு தீவுகளையும் அது தாய்நிலத்தோடு இணைக்கின்றது. அதற்குமுன் செயற்கைக்கோளையே நம்பியிருந்தோம். கப்பலில் மூன்று நாள் கடந்து சென்னையை அடைந்தாலன்றி ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தைக் காண இயலாதிருந்த இளைஞன், இன்று தன் வீட்டு அறையில் அமர்ந்து கணிப்பொறியில் இசையமைத்து, அன்றைக்கே சென்னைக்கு அனுப்ப இயலும். இது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், கைக்கு எட்டுவதெல்லாம் நமக்கு உரியதாகிவிடுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

இயந்திரத்தில் பிறப்பது இசையே அன்று என வாதிடுவோர் உளர். அவர்களுக்கு முதலில் விடை கூறுதல் வேண்டும். மேலைநாட்டிலிருந்து வந்த வயலினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் நம் இசைக்கு இசைவித்தனர். இன்று அதனை அயலது என்பார் எவருமிலர். ஆர்மோனியத்திற்கோ அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தடை விதித்திருந்தது. கட்டைகளில் சுரங்கள் தனித்தனியே நிற்பதால் கமகம் பிறவாது என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியில் சுருதியை ஆள்வது மின்னழுத்தம். பல கருவிகளில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் சுரமும் வழுக்கிச் செல்லும். எனவே இயந்திரம் என்பதனாலேயே அதனை இசைக்குப் பகையெனக் கொள்ளுதல் பொருந்தாது. நம் சங்க விழாக்களில் தம்புராவின் இடத்தில் ஒலிக்கும் மின்னணுச் சுருதிப்பெட்டியை நாம் என்றேனும் வெறுத்தோமா?

இக்கருவியின் இந்திய வரலாறு பலர் எண்ணுவதினும் பழையது. 1969இல் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்கு மோக் சிந்தசைசர் ஒன்று வந்து சேர்ந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அதனை நிறுவிட உதவினார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே புதிய ஒலிகளைப் படைத்தனர். சில ஆண்டுகளில் அக்கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கிடந்தன. பால் பர்காஸ் என்னும் பிரித்தானியக் கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டெடுக்க, 2023இல் அவ்விசை தொகுப்பாக வெளிவந்தது. அரை நூற்றாண்டு உறங்கிய இசை, அதனைச் செய்தவர் பெயர்களோடே எழுந்து வந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

அகமதாபாத்துக் கருவி மின்னலையிலிருந்து ஒலியை ஆக்கிற்று. அது பிறர் பொருள் எதனையும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய கணிப்பொறியோ அவ்வாறன்று. ஒருமுறை பதிவான குரலை வெட்டலாம், நீட்டலாம், வேறு சுருதிக்கு மாற்றலாம். செயற்கை நுண்ணறிவின் துணையால், ஒருவர் பாடாத பாட்டையும் அவர் குரலிலேயே பாடுவிக்கலாம். ஈண்டுதான் அறத்தின் வினா எழுகின்றது.

இத்தீவுகளைவிட அவ்வினா ஆழமாக எழும் இடம் அரிது. பெரிய அந்தமானியர் மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேசவல்ல கடைசி மனிதர், போவா சீனியர் என அழைக்கப்பட்ட மூதாட்டி, 2010 ஜனவரியில் காலமானார். மொழியியல் அறிஞர் அன்விதா அபி அவருடைய பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருந்தார். அப்பதிவு இல்லையேல், பல்லாயிரம் ஆண்டு மரபுடைய ஒரு மொழியின் ஓசையை உலகம் இன்று கேட்டிருக்க இயலாது. ஆராய்ச்சி செய்த பெருங்கொடை அது. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அக்குரலை நொடிப்பொழுதில் கணிப்பொறிக்குள் இழுத்து, ஒரு துள்ளல் பாட்டின் இடையே அழகுக்காகச் செருகிவிட ஓர் இசையமைப்பாளனால் இயலும். பாட்டின் பொருள் அவனுக்குத் தெரியாது. பாடியவர் பெயரைக் கேட்போர் அறியார். இது கலையா, களவா?

தமிழ்த் திரையிசையிலேயே இதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவின்வழி மீட்டு, 2024இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாடலொன்றில் ஏ. ஆர். ரகுமான் பயன்படுத்தினார். இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றதாகவும், உரிய ஊதியம் அளித்ததாகவும் அவரே அறிவித்தார். இசைவு, ஊதியம், அறிவிப்பு ஆகிய மூன்றும் பாராட்டத்தக்கவை. இருப்பினும், பாடியவர் தாமே இசைந்தாரா என்னும் வினாவுக்கு விடை கூற அவர் இல்லை. குடும்பத்தார் வாரிசுரிமையைக் கொடுக்கலாம். மறைந்தவரின் மனத்தைக் கொடுத்தல் இயலுமோ? குடும்பம் உள்ள கலைஞருக்கே நிலை இதுவெனின், தம் மொழியைப் பேச ஒருவரையேனும் விட்டுச் செல்லாதவருக்காக இசைவு தருவார் யார்? அவருடைய சமூகத்தின் எஞ்சிய மக்களையாவது கேட்டல் வேண்டும். அவர்கள் வேண்டாமென்றால் விட்டுவிடல் வேண்டும் என்பதே நம் துணிபு.

நாட்டுப்பாடல் ஊர்ப்பொது அன்றோ, தாலாட்டுப் பாடுகின்ற தாய் எவரிடம் இசைவு பெற்றாள் எனச் சிலர் வினவலாம். நல்ல வினாவே. ஆனால், ஒரு பாட்டைக் கேட்டுக் கற்றுத் தன் தொண்டையில் பாடுவது வேறு. பிறர் தொண்டையையே எடுத்தாளுவது வேறு. வாய்வழி வரும் பாட்டில் கற்பவன் உழைப்பு உண்டு, கற்பித்தவரோடு உறவு உண்டு. கணிப்பொறி அவ்வுழைப்பையும் உறவையும் நீக்கிவிட்டுக் குரலை மட்டும் தருகின்றது. பாட்டு ஊருக்குப் பொது. குரல் பாடியவருக்கே உரியது.

இவ்வாறு கூறுவதால், பதிவே செய்யற்க என நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. பதிவு செய்யாமல் விடுதலும் ஒரு குற்றமே. இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அத்தீவைப் பெரிதும் அழித்தது. அன்று போனவை உயிரும் உடைமையும் மட்டுமல்ல. பதிவாகாத எத்தனையோ ஒப்பாரியும் தாலாட்டும் உடன் போயிருத்தல் வேண்டும். எஞ்சிய முதியோர் பாட்டுகளைப் பதிவு செய்ய இன்று சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே போதுமானது.

அரசு அலுவலகங்களில் காலம் கழிக்கும் நம்மில் பலருக்குக் கோப்பு முறை தெரியும். அனுப்பியவர் பெயரும் நாளும் இல்லாத தாள் கோப்பில் ஏறுவதில்லை. குரலுக்கும் அவ்வொழுங்கே போதும். பாடுவோரிடம் முதலில் கேட்டல். எதற்காகப் பதிகின்றோம் எனச் சொல்லுதல். பெயர், ஊர், நாள் குறித்தல். படி ஒன்றை அவர் குடும்பத்திடம் அளித்தல். பின்னர் இசையில் சேர்க்க விரும்பின் மீண்டும் கேட்டல். பொருள் வரின் பகிர்தல். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. நம் சங்கம் இதனை ஒரு பணியாக ஏற்குமாயின், நாளைய ஆராய்ச்சியாளனுக்கும் இசைஞனுக்கும் மாசற்ற ஒரு களஞ்சியம் கிடைக்கும்.

வாய்ப்பு என்பதை நாம் பரிசு எனக் கருதிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு கடன். கடலடி வடம் வழியே உலகின் குரல்களெல்லாம் நம் பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கின்றன. அவற்றை எவ்வாறு எடுப்பது என்பதைக் கருவியே அவர்களுக்குக் கற்பித்துவிடும். யாரைக் கேட்டு எடுப்பது என்பதைப் பெற்றோராகிய நாம்தாம் கற்பித்தல் வேண்டும்.