மூடிக்கொள்ளும் உரிமை

கூரையைக் கழற்றிவிட்டு ஓடும் சொகுசுக் காரில் சௌகரியம் என்பது என்ன? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். வறுமையைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. சௌகரியத்தையோ வெறுத்தோம், அல்லது ரகசியமாக விரும்பினோம். அதன் உள்ளமைப்பு என்னவென்று பார்க்கவில்லை. கார்களில் உலகத்துக்குத் தன்னைத் திறந்துகொள்வதாகச் சொல்லிக்கொள்வது இது ஒன்றுதான். எழுத்தும் தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறது. எனவே எனக்கு இது அற்பமாகப் படவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி-தாம்பரம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் ஒரு தெருவில், நண்பரின் உறவினர் வைத்திருக்கும் பி.எம்.டபிள்யூ இசட்4 காரில் ஒரு சித்திரை மாதத்துப் பகலில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை 2007இல் கார்களைக் கோர்க்க ஆரம்பித்தது. இது அங்கே கோர்த்ததல்ல, முழுசாக வெளிதேசத்திலிருந்து வந்தது. இரண்டு பேருக்கு மட்டும் இடம். மூன்றாவது மனிதன் என்கிற பிரச்னையே அதில் எழுவதில்லை. இருக்கை விலாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. உட்காருகிறோம் என்பதைவிடப் பொருத்தப்படுகிறோம் என்பது சரி. பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை 10 வினாடியில் பின்னால் மடிந்து மறைகிறது. 50 கிலோமீட்டர் வேகம்வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே திறக்கலாம், மூடலாம்.

வானம் வந்தது, கூடவே வெயிலும். இங்கேதான் இந்த ஜாதிக் கார்களின் சாமர்த்தியம் ஆரம்பமாகிறது. திறந்த காரில் காற்று முன்கண்ணாடியைத் தாண்டிப்போய், பின்னாலிருந்து சுழன்று திரும்பிப் பிடரியில் அடிக்கும். அதை மறிக்க இருக்கைகளுக்குப் பின்னே ஒரு தடுப்பு. மெர்சிடஸ் கம்பெனி 2004இல் தன் எஸ்.எல்.கே. காரில் தலையணைப்பிலிருந்து கழுத்துக்கு வெதுவெதுப்பான காற்று ஊதும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. (அக்னி நட்சத்திரத்தில் தாம்பரத்தில் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.) 2007இல் பி.எம்.டபிள்யூ தன் 3 வரிசைத் திறந்த காருக்கு வெயிலின் வெப்பக்கதிர்களைத் திருப்பியனுப்பும் சாயம் ஏற்றிய தோலிருக்கையைத் தந்தது. காற்றுக்காகக் கூரையை எடுத்துவிட்டுக் காற்றை மறிக்கிறார்கள். வெயிலுக்காகத் திறந்துவிட்டு வெயிலை விரட்டுகிறார்கள். திறந்த கூரையின் கீழ் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பரிசம் கழித்த உலகம் மிச்சமாகிறது, பார்ப்பதற்கு மட்டும்.

தாம்பரம் கிழக்கிலிருந்து கேம்ப் ரோடு வழியாக மேடவாக்கம் போகும் ஷேர் ஆட்டோவும் திறந்த வாகனம்தான். சாரல் அடித்தால் ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு தோள் நனையும். அதில் யாரும் வானத்தை அனுபவிப்பதாகச் சொல்வதில்லை. கூரையில்லாதவன் நட்சத்திரங்களோடு தூங்குகிறான் என்று எழுதும் கவிஞர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. ஆக, திறந்திருப்பது தன்னளவில் ஒரு அறம் அல்ல. வித்தியாசம் பொத்தானில் இருக்கிறது. சொகுசின் சாரம் தோலோ தையலோ அல்ல. நினைத்த மாத்திரத்தில் விலகிக்கொள்ளும் உரிமை. அப்படி விலகிக்கொள்ள முடிகிற ஒன்றை அனுபவம் என்று சொல்லலாமா?

வீட்டுக்கும் கதவு உண்டே, அதையும் குற்றம் சொல்வாயா என்று நண்பர் கேட்டார். நியாயம்தான். ஆனால் வீடு தன்னைத் தெரு என்று சொல்லிக்கொள்வதில்லை.

கார்க்காரர்மீது வழக்குத் தொடுப்பது என் நோக்கமல்ல. அவர் தன் காசில் ஒரு பண்டத்தை வாங்கியிருக்கிறார், அது சொன்னதைச் செய்கிறது. எனக்குச் சங்கடம் நம் பக்கத்தில். 2015 டிசம்பரில் முடிச்சூரில் வீடுகள் மூழ்கின. அந்த வெள்ளத்தைப் பற்றிப் படித்த கவிதைகளில் பலவற்றில் தண்ணீர் கணுக்கால்வரை வந்ததும் ஒரு படிமம் முளைத்து, அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. மிதந்து வந்த பாத்திரம் என்ன பாத்திரம், யாருடையது என்று தெரியவருவதற்குள் அது நிலவாகிவிடுகிறது.

சங்கப் பாட்டில் வாகனம் வைத்திருந்தவர்களும் செல்வர்கள்தான். ஏழ்மை இங்கே பிரச்னை இல்லை. பாரியை விட்டுவிடலாம், மேடைகளில் தேய்ந்துவிட்டான். அகநானூறு 4ஆம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன் கார்காலத்தில் தேரில் திரும்பி வருகிறான். பூந்தாது உண்ணும் வண்டுகள் மிரண்டுவிடும் என்று மணிகளின் நாவு கட்டப்பட்டிருக்கிறது. இசட்4இன் கூரையை மூடியதும் தெரு அணைந்துபோகிறது. அந்த நிசப்தம் உள்ளே இருப்பவனுக்கு. தேரின் நிசப்தம் வெளியே இருக்கும் பூச்சிகளுக்கு. அவனும் வேகமாகத்தான் போகிறான், வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். இருந்தும் எங்கேயோ நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு மணியாகக் கட்டியிருக்கவேண்டும். அல்லது பாகனைக் கட்டச் சொன்னானா? பாட்டில் அது இல்லை.