பால் நின்ற பிறகு

"இந்தக் கையை இதுக்காடா காப்பாத்தி வச்சேன்?" என்று அப்பா கேட்டார். கார் போர்ச்சில் இழைப்புளியும் கையுமாக நின்றிருந்தேன். பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அவர் கண் அதிலேயே இருந்தது.

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஈப்போ அடங்கிக் கிடந்த நாள்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி ஒன்றின் கால் கழன்றது. கடையும் இல்லை, ஆசாரியும் இல்லை. கணக்கு எழுதியே இருபது வருடம் சம்பாதித்த எனக்கு அந்தக் காலைத் திரும்பப் பொருத்தத் தெரியவில்லை. ஆணியடித்தேன், மரம் பிளந்தது. அந்த நாற்காலி சுவரோரம் மூன்று கால்களோடு சாய்ந்து நின்ற காட்சி என்னை ரொம்ப நாள் விடவில்லை. ஆணை தளர்ந்ததும் முதலில் இரும்புக்கடைக்குத்தான் போனேன்.

முதல் தவறு, மின்ரம்பம். மேசையோடு பொருத்திய பத்து அங்குல ரம்பம் போர்ச்சில் பாதியைத் தின்றது. சுவரோடு சுவர் ஒட்டிய தாமான் வீடு எங்களுடையது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, அந்தப் பக்கம் இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர். ரம்பத்தை ஓட்டினால் தெருவே எழுந்துவிடும், தூள் துவைத்த துணியில் போய் உட்காரும். நான்கே மாதத்தில் அதை விற்றுவிட்டு ஓர் இழைப்புளி, மூன்று உளி, இழுத்து அறுக்கும் கைரம்பம், சாணைக்கல் என்று வாங்கினேன். தாமான் வீட்டில் பட்டறை போட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் கனமான, ஆடாத ஒரு மேசை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம். பலகைகளைத் தரையில் கிடத்தக் கூடாது. கட்டைகளின் மேல், அடுக்குக்கு அடுக்கு குச்சி கொடுத்து, காற்று ஊடே போகும்படி வைக்க வேண்டும். பிற்பகல் மழை தவறாத ஊர் இது. ஈரத்தில் பலகை அகலவாக்கில் ஊதும், நீளம் மட்டும் அசையாது. இதைத் தெரியாமல் நான் செய்த முதல் இழுப்பறை நவம்பர் மாதம் பூட்டுப் போட்டதுபோல் இறுகிக்கொண்டது.

அதைவிடப் பெரிய பாடம் மரத்தில் கிடைத்தது. ஒருவர் மலிவாகக் கொடுத்தார், நன்றாகக் காய்ந்தது என்றும் சொன்னார். வெளிறிய நிறம், இழைத்தால் லேசான இளஞ்சிவப்பு, நேரான இழை. ஆசையாக ஒரு முக்காலி செய்தேன். ஓரங்களில் கருநீலமாகக் கறை ஓடியிருந்தது, அழகு என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் முக்காலிக்கு அடியில் அரிசிமாவு கொட்டியதுபோல் வெள்ளைப்பொடி. குனிந்து பார்த்தால் காலெல்லாம் குண்டூசித் துளை.

அப்பா பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது பால் மரம். வெட்டிப் போட்டா ரெண்டு நாள்ல நீலம் பூக்கும். அப்புறம் பூச்சி. தோட்டத்துல யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பானே."

நான் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்தேன், சுங்கை சிப்புட் பக்கம். எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஈப்போவின் புந்தோங்குக்கு வந்துவிட்டோம். பால் மரத்தின் நிழல் நினைவிருக்கிறது, மரம் நினைவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். பால் மரத்தின் கட்டையில் மாச்சத்து அதிகம். பூஞ்சையும் பூச்சியும் அதற்காகத்தான் வருகின்றன. அதனால் அது வெகுகாலம் விறகாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து அடுப்பில் எரிந்தது, பால் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில் எரிந்தது. தன் பாலைத் தன் உடம்பின் புகையிலேயே பதப்படுத்திக் கொடுத்த மரம் அது. இருபத்தைந்து, முப்பது வருடத்தில் பால் குறைந்துவிடும். மரத்தைச் சாய்த்து, குவித்து, கொளுத்திவிட்டு மறுநடவு செய்வார்கள். அறுத்த கையோடு பலகைகளை போரான் உப்புக் கரைசலில் அழுத்தி ஊறவைத்து, சூளையில் உலர்த்தினால் பூச்சி அண்டாது என்பது கைவந்த பிறகு, 1980-களில் அதன் தலையெழுத்து மாறியது. இன்று இந்த நாட்டிலிருந்து கப்பலேறும் மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு அந்தக் கட்டைதான். வெளியூர்க்காரன் காசு கொடுத்து வாங்கும் மரத்தை நாங்கள் சோறு பொங்க எரித்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கோலக்கங்சாருக்கு அழைத்துப் போனேன். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளில் 9 நாற்றுகளை அங்கே நட்டார்கள். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்துச் செய்தி. அவற்றில் ஒன்று இன்னும் நிற்கிறது, வேலி போட்டு, பலகை எழுதி வைத்து. அப்பா வேலிக்கு வெளியே நின்று பட்டையை மட்டும் வெகுநேரம் பார்த்தார். "யாரோ கை தெரியாதவன் வெட்டியிருக்கான், புண்ணு முடிச்சு முடிச்சா நிக்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் பேச்சு என்னை யோசிக்க வைத்தது. அப்பா ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் சீவியவர். இடமிருந்து வலமாகச் சரியும் அந்தக் கோட்டில் ஒவ்வொரு முறையும் பட்டையை நூல் கனத்துக்குத்தான் எடுக்க வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது, கொஞ்சம் மிஞ்சினால் மரத்தின் உயிர்த்தோலில் பட்டு முடிச்சு விழும். முடிச்சு விழுந்தால் கங்காணியிடம் ஏச்சு. இருட்டில், தலைவிளக்கில், கொசுவுக்கு நடுவே அந்தக் கனத்தைக் கையில் பிடித்து வைத்திருந்தவர். அந்தக் கையைத்தான் பிள்ளைக்கு வரக்கூடாத வியாதி மாதிரி நினைத்தார். என் சாதகத்தைவிட அதிகமாக என் உள்ளங்கையைப் பார்த்திருப்பார், காய்ப்பு இல்லையே என்று.

அவர் விட்டு ஓடி வந்தது எதை? பொழுது விடியுமுன் பிரட்டில் பெயர் கூப்பிடுவதை. மழை பெய்தால் கூலி இல்லை என்பதை. சீவிய மரமும் வடிந்த பாலும் தனக்கில்லை, குடியிருந்த லயத்து வீடுகூட வேலை இருக்கும்வரைதான் என்பதை. இத்தனை கசப்பும் கடைசியில் கையின் மேல் போய்ப் படிந்துவிட்டது. நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். தோட்டத்தை விட்டபோது கையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இதை நான் அவரிடம் பெருமையாகப் பேசப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. நாற்காலி கோணினாலும் அடுப்பு எரியும். உளி எனக்கு இனிப்பது அந்தத் தெம்பில்தான். அதே உளியை வயிற்றுக்காகப் பிடிக்கிறவரிடமோ, ஐந்நூறு மரம் சீவியவரிடமோ கைவேலையின் மகத்துவத்தை நான் எடுத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு மனிதன் முப்பது வருடம் கற்ற நுணுக்கம், அதை வாங்கியவன் போனதோடு போய்விட வேண்டுமா?

போன வருடம், நல்ல மழையில், பதம் செய்த பால்மரப் பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தேன். சீவல் துண்டு துண்டாக வந்தது. அப்பா தூணோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்திருந்தார். மழை என்றால் இன்றும் அவருக்குக் கூலி போன நாள். "அழுத்துற. கை அழுத்தக் கூடாது, கத்திதான் போவணும்" என்றார். எழுந்து வந்து இழைப்புளியை வாங்கினார். அதைப் பிடித்துப் பழக்கமில்லாதவர், இரண்டு தடவை முனையில் இடித்தார். மூன்றாவது தடவை, பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே சீவலாக, வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு எழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது அந்த மூன்று உளியையும் இழைப்புளியின் அலகையும் தீட்டுவது அவர்தான். பழக்கம் விடவில்லை, நாலரைக்கே எழுந்துவிடுகிறார். அந்த நேரத்தில் தட்டவும் அறுக்கவும் முடியாது, தெரு தூங்குகிறது. கல்லில் தண்ணீர் விட்டு மெதுவாக இழுக்கிறார். படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்கிறேன். லயத்து வீட்டு வாசலில், சிம்னி விளக்கடியில், பால் கத்தி கல்லில் உரசிய அதே சத்தம். கொஞ்ச நேரத்தில் பிரட்டு மணி அடிக்கும் என்று ஒரு கணம் உடம்பு காத்திருக்கிறது. மணி அடிப்பதில்லை. அப்பா அலகைத் துடைத்து, திருப்பிப் போட்டு, மறுபக்கம் தீட்டுகிறார்.