ஏறுகிறவருக்கு வழி

காடியின் கண்ணாடி உள்பக்கமாகப் பனித்திருந்தது. ஊட்டியில் டிசம்பர் மாதம், காலை மணி 5.30. அம்மாவின் மருந்துப் பையை முதல் நாள் இரவு காடியிலேயே விட்டுவிட்டோம், அதை எடுக்கப் போயிருந்தேன். விடுதி முற்றத்துப் புல்லில் உறைபனி உப்புத் தூவியதுபோல் கிடந்தது. வெளியில் பனி படிந்தால் அது குளிரின் வேலை. உள்ளே பனித்திருக்கிறது என்றால் யாரோ இரவெல்லாம் அதற்குள் மூச்சுவிட்டிருக்கிறார்கள். இது எனக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின.

கண்ணாடியைத் தட்டினேன். சாய்த்துப் போட்ட முன்னிருக்கையிலிருந்து டிரைவர் அண்ணன் பதறி எழுந்தார். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே கதவைத் திறந்து, "சாரி சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?" என்றார்.

மன்னிப்புக் கேட்டவர் அவர். பையை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பியபோது அதுதான் உறுத்தியது. அன்றோடு நான்கு இரவுகள் ஆகியிருந்தன. நான்கு இரவும் அவர் எங்கே படுத்தார் என்று எங்கள் நான்கு பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து ஓர் இன்னோவா, 7 நாள் மலைப் பயணம். அப்பா, அம்மா, தங்கை, நான். பொள்ளாச்சியில் ஓர் இரவு, வால்பாறையில் இரண்டு, ஊட்டியில் இரண்டு, கோயம்புத்தூரில் ஒன்று. திட்டம் போட்டவன் நான்தான். ஒவ்வோர் ஊரிலும் அறையில் சுடுநீர் வருமா, காடி நிறுத்த இடம் உண்டா, காலையில் பசியாறக் கிடைக்குமா என்று விசாரித்து எக்ஸெல் அட்டவணையில் பதிந்து வைத்திருந்தேன். காடி நிற்க இடம் கேட்டேன். அதை ஓட்டுகிற மனிதர் படுக்க இடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஒவ்வொரு மாலையும் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, "நீங்க போய் ரெஸ்ட் எடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த "பாத்துக்கறேன்" என்ற சொல்லுக்குள் ஓர் அறையும் ஒரு கம்பளியும் இருப்பதாக நானே கற்பனை செய்துகொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நியாயமாக ஒரு கேள்வி வரும். அவருக்குத்தான் பேட்டா கொடுக்கிறோமே? ஒரு நாளைக்கு 500 ரூபாய், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சேர்த்து. பேசி, ஒப்புக்கொண்டு, கொடுத்த காசு. அதற்குள் எப்படிச் சமாளிப்பது என்பது அவர் பாடு. இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஒருவர் சம்மதித்து வாங்கும் கூலியை மதிப்பதும் அவரை மதிப்பதுதான். ஆனால் பிறகு பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: "சீசன்ல ஊட்டில அந்தக் காசுக்கு ரூம் எடுத்தா சாப்பாடு இருக்காது சார். சாப்பாடு சாப்பிட்டா ரூம் இருக்காது. ரெண்டும் வேணாம்னா வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது என்னுடையது. வாடகை பேசும்போது கிலோமீட்டருக்கு 1 ரூபாய் குறைக்க வைத்தேன். ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு என்பதால் 7 நாளுக்கு 1,750 ரூபாய் மிச்சம். நம்ம காசில் சுமார் 90 வெள்ளி. பேரம் பேசி ஜெயித்த மகிழ்ச்சியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டேன். அம்மா கட்டைவிரல் உயர்த்தினார். சம்மதம் என்று நான் சொன்னதற்குள் இந்த 90 வெள்ளியும் இருக்கிறது. ஒருவருக்கு மறுக்க வழி இருக்கும்போதுதான் அவர் சம்மதத்துக்கு முழு எடை உண்டு. டிசம்பர் சவாரியை விட்டால் அடுத்த சவாரி எப்போது என்று தெரியாதவரின் சம்மதம் எவ்வளவு எடை தாங்கும்?

அன்று காலை பசியாறும்போது விஷயத்தைச் சொன்னேன். "காடியிலயா தூங்குறாரு, இந்தக் குளிருலயா?" என்று அம்மா இட்லியை அப்படியே வைத்துவிட்டார். தங்கை உடனே, "தூங்காம ஓட்டினா நமக்குத்தானே ஆபத்து. இன்னிக்கே ஒரு ரூம் போட்டுக் குடு" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயிண்டில் நின்று கீழே ஆழியாறு அணையைப் படம் எடுத்தோம். இன்னும் மேலே, பாறையில் நின்ற வரையாடுகளைக் காட்டுவதற்காக அவர் காடியை ஓரம் கட்டினார். இரண்டு நாள் கழித்து அதே 40 வளைவுகளில் எங்களை இறக்கியும் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய இரவுகளில் அவர் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்று இப்போது தெரிந்ததும் வயிற்றைக் கலக்கியது உண்மை.

ஆனால் கலங்கியது யாருக்காக? காண்ட் 1785இல் எழுதிய அறநெறி நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாதவர்களிடம்கூட அவர் அதிக விலை வாங்குவதில்லை. ஒரு குழந்தை தனியாக வந்து பொருள் வாங்கினாலும் ஏமாற்ற மாட்டார். நல்ல மனிதர் என்று நாம் சொல்வோம். காண்ட் அவசரப்படுவதில்லை. பெயர் கெட்டால் வியாபாரம் கெடும் என்பதற்காக அவர் நேர்மையாக இருந்தால், செயல் சரி, ஆனால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்கிறார். டிரைவர் நன்றாகத் தூங்கட்டும், நாங்கள் பத்திரமாக இறங்குவோம் என்று நான் அறை போட்டுக் கொடுத்தால் நானும் அந்தக் கடைக்காரர்தான். பிரேக் எண்ணெய் மாற்றுவதற்கும் அவருக்குக் கட்டில் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்காது. எஞ்சினியர் மூளைக்கு இது மிக எளிதாக வரும். மனிதரையும் பராமரிப்பு அட்டவணையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடும்.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். அப்பா 20 வருடம் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். விடியற்காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, இரவு ஷிப்டுக்காரர்கள் ஓவர்டைம் முடித்து வரும்வரை பஸ்ஸின் கடைசி இருக்கையில் படுத்துக் கிடப்பார். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் நான்கு இரவு கேட்கவில்லை.

"ரூம் போட்டுக் குடுத்தா வாங்கிக்குவான். ஆனா அப்புறம் உனக்கு நன்றி சொல்லிக்கிட்டேதான் ஓட்டணும்" என்றார். "எங்க ஃபேக்டரியில ஒரு மேனேஜர், பஸ்ஸுல படுக்காத, உள்ள ரெஸ்ட் ரூம்ல படுத்துக்கன்னு சொன்னாரு. நல்ல மனுஷன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை ஆனா அவரு காடியக் கழுவிக் குடுத்தேன். அவரு கேக்கல. நானாத்தான் செஞ்சேன். செய்யாம இருக்க முடியல."

தங்கை, "அப்ப என்னதான் செய்யறது? அவர் காடியிலயே படுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்லல. எப்படிக் குடுக்கறதுன்னு யோசிங்க."

நான் காண்டிடம் மாட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்பாவின் அந்த ஒரு வாக்கியம் என்னை வெளியே இழுத்தது. என் மனம் எவ்வளவு தூய்மை என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்த நேரமெல்லாம் கதை என்னைப் பற்றியதாகவே இருந்தது. குளிரில் படுத்தவர் அதில் இல்லை. அப்பா பேசியது வாங்குகிறவரின் பக்கத்திலிருந்து. நல்ல எண்ணத்தோடு கொடுத்த இடம்கூட அப்பாவின் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது.

வள்ளுவர் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். இன்று அந்தச் சொல்லைப் பார்வைக் கோணம் என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். அவர் காலத்தில் அது இரக்கம். கண் ஒருவர்மேல் சென்று படிவது, கண்டபின் கடந்துபோக முடியாமல் இருப்பது. அந்த அதிகாரம் இருக்கும் இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அருளுடைமை அறத்துப்பாலில் துறவறத்தில் வருகிறது. கண்ணோட்டம் 58ஆவது அதிகாரமாகப் பொருட்பாலில், அரசியலில் வருகிறது. பிறர்மேல் அதிகாரம் உள்ளவனுக்குச் சொன்னது என்று நான் புரிந்துகொள்கிறேன். நான் அரசன் இல்லைதான். ஆனால் ஏழு நாளுக்கு அந்தக் காடிக்குள் எப்போது நிற்பது, எப்போது புறப்படுவது, யார் எங்கே படுப்பது எல்லாம் என் வாயில் இருந்தது. மலையைப் பார்க்க, அருவியைப் பார்க்க, தேயிலைச் சரிவைப் பார்க்க என்றே கண்ணைத் தீட்டிக்கொண்டு வந்த எங்களுக்கு, இரண்டடி முன்னால் உட்கார்ந்திருந்தவர்மேல் கண் ஓடவில்லை.

சரி, எப்படிக் கொடுப்பது? விடை அந்த மலைப்பாதையிலேயே இருந்தது. வால்பாறைக்கு ஏறும்போது ஒரு குறுகலான இடத்தில், எதிரே இறங்கி வந்த காடி ஓரமாக நின்று எங்களுக்கு வழிவிட்டது. நான் அதை மரியாதை என்று நினைத்துக் கை காட்டினேன். "அது ரூல் சார்" என்றார் டிரைவர் அண்ணன். "ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழிவிடணும்." உண்மைதான். இந்தியாவின் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளிலேயே இது இருந்தது. காரணம் எளிய இயற்பியல். பாரத்தோடு ஏறுகிற வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம். கிளட்ச் தேயும், பின்னால் உருளும் ஆபத்தும் உண்டு. இறங்குகிற வண்டி நின்றாலும் பிரேக்கை விட்டால் போதும், பூமியே இழுத்துக்கொள்ளும். நிற்பது யாருக்கு எளிதோ அவர் நிற்க வேண்டும். ஏறுகிறவர் கெஞ்ச வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. வழிவிட்டவரின் மனம் தூயதா என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் விஷயமும் இதுதான் என்று தோன்றியது. "எனக்குப் படுக்க இடம் வேணும் சார்" என்று சொல்வது அவருக்கு ஏற்றம். சொன்னால் அடுத்த சவாரி போகலாம், முதலாளி முகம் சுளிக்கலாம், நாங்கள் சங்கடப்படலாம். "டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா?" என்று விடுதிக்காரரிடம் கேட்பது எனக்கு இறக்கம். ஒரு போன் கால். கேட்பது யாருக்கு எளிதோ, கேட்க வேண்டிய கடமை அவருடையது. இதைக் கருணை என்று பெயரிட்டுக்கொண்டால் அது என் விருப்பமாகிவிடும். இருந்தால் கொடுப்பேன், மறந்தால் மறப்பேன். விதி என்று எடுத்துக்கொண்டால் மறந்தது என் தவறு.

விதி ஏற்கெனவே இருக்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகளில் விருந்தினர்களின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. எங்கள் விடுதியிலும் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தது. உள்ளே பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "யாரும் கேக்கறதில்லீங்க" என்றார் வரவேற்பில் இருந்த பையன். அவர் பொய் சொல்லவில்லை. ஓட்டுநரால் கேட்க முடியாது, விருந்தினருக்குக் கேட்கத் தோன்றாது. விதி காகிதத்தில் இருக்கும், அறையில் மெத்தை இருக்கும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. ஆனால் அது 5 பேருக்குமேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் என்று எழுத நினைத்து மறுபடி பார்த்தேன், 5 பேர் இருந்தாலே செல்லுபடியானது. ஒற்றைக் காடி வைத்திருப்பவரிடம் ஓட்டும் எங்கள் அண்ணனுக்கு அதுவும் எட்டியதில்லை.

அன்று மாலை மெத்தைகளில் ஒன்றைக் கீழே போடச் சொன்னேன், இரண்டு கம்பளியும் கேட்டேன். விடுதிப் பையனே போய் டிரைவர் அண்ணனிடம், "அண்ணே, டிரைவர் ரூம் கீழ இருக்கு" என்று சாவியைக் கொடுத்தான். நான் போகவில்லை. அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். கோயம்புத்தூர் விடுதிக்கு முன்கூட்டியே போன் செய்து, பார்க்கிங் கேட்கும் அதே குரலில் கேட்டேன். "இருக்கு சார்" என்றார்கள். குறைத்த 1,750 ரூபாயைத் திருச்சியில் கணக்கு முடிக்கும்போது வாடகையோடு சேர்த்தே கொடுத்துவிட்டேன். தனியாக இனாம் என்று நீட்டவில்லை. அது முதலாளிக்குப் போனதா அவருக்குப் போனதா தெரியாது. இதனால் ஊட்டியில் மற்ற காடிகளின் கண்ணாடிகள் பனிக்காமல் போய்விடவில்லை என்பதும் தெரியும்.

திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை, நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிப்டு பஸ்கள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கி உள்ளே போனார்கள். பஸ் டிரைவர்கள் அடுத்த ஷிப்டு வரைக்கும் எங்கே இருப்பார்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்தில் முதல்முறை. "அது குத்தகைக்காரங்க பாத்துக்குவாங்க" என்று பதில் வந்தது. அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டேன் என்று உங்களுக்கும் தெரியும். கடைசி பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக இரண்டு கால்கள் தெரிந்தன. குத்தகைக்காரரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். நாளை அழைக்க வேண்டும்.